மீன்கள் மலையேறிய நாள்

அத்தியாயம் 14

அமானுல்லாவின் வீட்டில் கோபம் வந்தால் சத்தம் அதிகமாகாது. இருக்கிற சத்தமும் நின்றுபோகும்.

நெஞ்சில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அவர் மதுரையில் படுத்திருந்தபோது, பழனி அடிவாரத்தில் இருந்த அவருடைய செருப்புக் கடையின் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான் மகன் பாசித். இனி அத்தாவால் முடியாது என்று அவனாகவே முடிவு செய்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு திரும்பிய அமானுல்லா மகனைத் திட்டவில்லை. அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ரம்ஜான் அப்படியே போயிற்று. பக்ரீதும் போயிற்று.

இருவருக்கும் நடுவில் செய்தி சுமப்பவள் மருமகள் சமீஹா. கொடைக்கானலில் பள்ளி ஆசிரியை. பாசித்துக்கு அங்கேயே சாக்லேட் கடை. மாமியார் நஜீமாவுக்குத் தலைசுற்றல் வர ஆரம்பித்ததும், வயதான இருவரையும் மலைமேல் தங்களோடு வந்துவிடச் சம்மதிக்க வைத்தவள் சமீஹாதான். நஜீமா உடனே சரி என்றாள். அமானுல்லா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஹாலில் இருக்கும் ஆறடி மீன் தொட்டியும் கூட வர வேண்டும்.

"ஒரு மீன் செத்தாலும் அடுத்த பஸ்ல கீழ எறங்கிருவேன். என் சிநேகிதன் சுவாமிநாதன் வீட்டு மாடி ரூமு சும்மாதான் கெடக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

"ஒண்ணும் சாகாது மாமா. நான் பொறுப்பு."

சொல்வதற்கு ஒரு நொடிதான் ஆனது. அன்றிலிருந்து சமீஹாவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

*

சனிக்கிழமை விடிந்ததும் பழனி வீட்டில் வேலை தொடங்கியது.

தொட்டியின் தண்ணீர் மெல்லிய குழாய் வழியாக நீல டிரம்முக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மீன்களுக்கு இரண்டு நாளாக இரை இல்லை. வயிறு காலியாக இருந்தால்தான் பயணத்தில் தண்ணீர் கெடாது என்று சமீஹா படித்திருந்தாள். அதை ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லித்தான் மாமனாரை ஒப்புக்கொள்ள வைத்தாள். பெரிய கறுப்பு ஆஸ்கர் மீன் கண்ணாடியில் முகத்தை வைத்து அவரையே பார்த்தபடி நின்றது.

"பாக்குது பாரு. பட்டினி போட்டவன் மூஞ்சிய மறக்காம இருக்கத்தான் பாக்குது" என்றார் அமானுல்லா.

பாசித் குழாயைப் பிடித்திருந்தான். "இந்தத் தண்ணியக் கொட்டிரலாம்ல? மேல தண்ணிக்கா பஞ்சம்?" என்று சமீஹாவிடம் கேட்டான். அவன் கேட்டது அத்தாவை என்று எல்லோருக்கும் தெரியும்.

"பழைய தண்ணி பாதியாவது வரணும்னு உன் புருசன்கிட்டச் சொல்லும்மா. திடீர்னு புதுத் தண்ணியில விட்டா மீனு தாங்காது" என்றார் அமானுல்லா.

இருவருக்கும் நடுவே ஒரு டிரம் மட்டும்தான் இருந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் சமீஹா.

"கேட்டுச்சு."

"அப்பறம் எதுக்கு என்னப் பாக்குறீங்க?"

பாசித் குழாயை அடுத்த டிரம்முக்கு மாற்றினான்.

நஜீமா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, தெர்மாகோல் பெட்டிகளுக்கு மேல் அடுக்கியிருந்த கம்பளிகளைப் பார்த்தாள்.

"எத்தன வருசமா முழங்கால் வலிக்குதுன்னு சொல்லிட்டுக் கெடக்கேன். ஒரு கம்பளி எடுத்துப் போத்துன கை இல்ல. மீனுக்கு மட்டும் ரெண்டு கம்பளி, அடியில ஒரு மெத்தை."

"குளிருற ஊருக்குப் போகுது மாமி."

"நான் என்ன, கொதிக்கிற ஊருக்கா போறேன்?"



வண்ணமீன் கடைக்காரர் ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்து சேர்ந்தார். அமானுல்லா யாரையும் வலையைத் தொட விடவில்லை. தானே ஒவ்வொரு மீனாகப் பிடித்தார். சட்டைக் கையெல்லாம் நனைந்தது. வெள்ளித் தட்டுப் போன்ற சில்வர் டாலர்கள், ஆரஞ்சு நிறக் கிளிமீன்கள், தொட்டியின் அடியோடு ஒட்டிக் கிடக்கும் டேங்க் கிளீனர் மீன், கடைசியில் ஆஸ்கர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பை. பையில் கொஞ்சம் தண்ணீர், மேலே ஆக்சிஜன்.

"போதும் பாய். பை இப்பவே கல்லு மாதிரி இருக்கு."

"இன்னும் கொஞ்சம் அடிங்க. மலைப்பாதை. வழியில வண்டி கிண்டி நின்னுபோச்சுன்னா?"

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் அடித்தார். ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டினார். பைகள் பெருநாள் பலூன்களைப் போலப் பளபளத்தன. அமானுல்லா அவற்றைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

தொட்டியின் ஃபில்டரிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சுகளைச் சமீஹா மூடி போட்ட வாளிக்குள் பழைய தண்ணீரிலேயே அமிழ்த்தி வைத்தாள். குழகுழவென்று சேறு பிடித்த ஸ்பாஞ்சுகள். மொத்தச் சாமானிலும் அவள் அதிகம் பயந்தது அந்த வாளிக்குத்தான். அதை முன்னால் போகும் காரில் அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. பாசித்தின் சித்தப்பா மகன் ஃபஹீம் காரில் நஜீமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான்.

நஜீமா அந்த நேரம் பின்கட்டில் அம்மிக்கல்லை ஏற்றுவதா வேண்டாமா என்று தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபஹீம், மாமிகிட்டச் சொல்லிரு. இந்த வாளிய யாரும் தொறக்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கணும்."

"சரி மதினி."

பின்கட்டுக்குப் போய்த் தானே சொல்லியிருக்கலாம். இருபது அடி தூரம்கூட இருக்காது. ஆனால் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நேராகச் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் தனக்கும் வந்துவிட்டது என்பது அப்போது சமீஹாவின் மனதில் படவில்லை.

*

குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியை ஓட்டியவர் ராஜமுருகன். முன்னால் அவர் பக்கத்தில் அமானுல்லா, ஜன்னலோரம் சமீஹா. பின்னால் தெர்மாகோல் பலகைகளுக்கு நடுவே காலித் தொட்டி, டிரம்கள், மீன் பெட்டிகள். அவற்றோடு பாசித். முன்னால் இடம் இருந்தாலும் அவன் அங்கேதான் ஏறியிருப்பான்.

வரதமாநதி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கின.

"பள்ளம் பாத்துப் போங்க."

"பாத்துத்தான் பாய் போறேன்."

"இன்னும் கொஞ்சம் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவாப் போனா நடந்து போறவன் நம்மள முந்திருவான் பாய்."

"முந்தட்டும்."

அடுத்த வளைவில் வண்டி மூச்சு வாங்கி நின்று நகர்ந்தபோது, ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நிதானமாக அவர்களைக் கடந்து போனார். ராஜமுருகன் திரும்பி அமானுல்லாவை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

சமீஹா ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பாசித் இப்படி இருந்தவன் இல்லை. கல்யாணமான புதிதில் கடையைச் சாத்திவிட்டு வந்தால் அன்று வந்த சுற்றுலாக்காரர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பான். அத்தா பேசாமல் போனதும் அவனும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டான். வருவான், சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், படுப்பான். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். அந்த ஒண்ணுமில்லையோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாமனார் வந்தால் வீட்டில் இரண்டு மௌனங்கள் இருக்கும். இருக்கட்டும். ஒரே சோற்றுத் தட்டின் இரு பக்கமும் உட்கார்ந்தால் என்றைக்காவது ஒருவர் குழம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் இறங்கிப் போய்விட்டால் நஜீமாவும் பின்னாலேயே போவாள். அதற்குப் பிறகு பாசித்தைப் பேசவைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தனையும் ஒரு டஜன் மீன்களின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. நினைத்தால் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

சவரிக்காடு தாண்டி, வடகவுஞ்சியை நெருங்கும்போது பின்னாலிருந்து தகரம் அதிர்ந்தது. பாசித் தட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க! சமீஹா! சமீஹா, எறங்கு!"

ராஜமுருகன் ஓரம் கட்டினார். சமீஹா ஓடிப்போய்ப் பார்த்தாள். பாசித் ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தான். உள்ளே பைகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு, தோல் இழுத்துக் கட்டிய மேளம்போல விம்மி நின்றன. ஒரு பையில் ரப்பர் பேண்ட் நழுவித் தண்ணீர் பெட்டிக்குள் கொட்டியிருந்தது. அந்தத் தேங்கிய நீரில் ஒரு சில்வர் டாலர் பக்கவாட்டில் படுத்துத் துடித்தது.

சமீஹா அதைக் கையால் அள்ளி, மூடி திறந்திருந்த டிரம்முக்குள் போட்டாள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரின் குழாயை உள்ளே இறக்கினாள். மீன் ஒருமுறை புரண்டு, கீழே போய் நின்றது.

"மேல ஏற ஏற உப்புது" என்றான் பாசித். "நம்ம கடைக்கு வர்ற சிப்ஸ் பாக்கெட் மாதிரி."

சமீஹாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொடைக்கானலில் தலையணைபோல உப்பாத சிப்ஸ் பாக்கெட்டை யாராவது பார்த்ததுண்டா? கீழே கட்டிய காற்று மேலே வந்தால் விரியும். தினமும் கண்ணால் பார்ப்பது. பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தியிருக்கிறாள். மாமனார் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று அடிக்கச் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றாள்.

பாசித் அடுத்த பையின் கழுத்தில் கை வைத்தான்.

"தொடாதன்னு சொல்லும்மா!" அமானுல்லா இறங்கி வந்துவிட்டிருந்தார். மூச்சு வாங்கியது. "காத்தத் தொறந்து விட்டா மீனு செத்துரும்னு சொல்லு!"

"விடலைன்னா எல்லாம் அவுந்துக்கும்னு நீ சொல்லு."

"கடையில பாக்கெட்டு விக்கிறவனுக்கு மீனப் பத்தி என்ன தெரியும்னு கேளு!"

"காத்த அளவுக்கு மேல அடிக்கச் சொன்னது யாருன்னு கேளு!"

சமீஹா இருவரையும் பார்த்தாள். நெற்றியில் பனிமஞ்சு ஈரமாகப் படிந்தது.

"நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் வாயி இருக்கு. கேக்குறதுக்குக் காது இருக்கு. மீனுக்குத்தான் ரெண்டும் இல்ல. நான் போயி டீ குடிக்கிறேன்."

உண்மையில் அங்கே டீக்கடை எதுவும் இல்லை. அவள் நடந்துபோய்ச் சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். ராஜமுருகனும் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு பீடியை எடுத்தார். பற்ற வைக்காமல் கையில் வைத்திருந்தார்.

பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு பஸ் போயிற்று. மறுபடியும் சத்தம் இல்லை.

பிறகு மெல்லியதாக ஒரு சீறல் கேட்டது.

சமீஹா திரும்பிப் பார்த்தாள். அமானுல்லா பையின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பாசித் ரப்பர் பேண்டைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினான். அவர் பிடியை ஒரு நூலளவு தளர்த்தினார். காற்று சீறி இறங்கியது. பை தளர்ந்ததும் பிடியை இறுக்கினார், அவன் மறுபடி கட்டினான். ஒரு வார்த்தை இல்லை. முகத்தை முகம் பார்க்கவில்லை. அடுத்த பை. அதற்கடுத்தது. நான்கு கைகளும் எப்போதும் ஒரே கடையில் வேலை பார்த்தவைபோல இசைந்து போயின.

"பேசாமலே முடிச்சுட்டாங்களே டீச்சர்" என்றார் ராஜமுருகன்.

"அதான் பிரச்சினையே" என்றாள் சமீஹா.

*

கொடைக்கானல் ஆனந்தகிரியில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் கடந்திருந்தது. தொட்டியைச் சமதளம் பார்த்து நிறுத்தி, பழைய கல்லைப் பரப்பி, டிரம் தண்ணீரை ஊற்றி, மேல் ஊர்த் தண்ணீரைக் குவளை குவளையாகச் சேர்த்து, ஹீட்டரைப் போட்டார்கள். பைகளை அப்படியே மிதக்கவிட்டுச் சூடு சமமாகும்வரை காத்திருந்தார்கள். பிறகு அமானுல்லா ஒவ்வொன்றாகத் திறந்தார். டிரம்மில் வந்த சில்வர் டாலரோடு சேர்த்து எல்லாம் உயிரோடு இருந்தன. ஆஸ்கர் புது இடத்தின் மூலையில் போய் முறைப்பாக நின்றது.

அமானுல்லாவின் முகம் முதன்முறையாகத் தளர்ந்தது. "ஃபில்டரப் போட்டுருவோமா?" என்று சமீஹாவிடம் கேட்டார்.

"மாமி, அந்த வாளி எங்க?"

"வாளியா? கழுவிக் கவுத்திட்டேன்."

"அதுக்குள்ள இருந்தது?"

நஜீமா பெருமையோடு பின்பக்கக் கதவைத் திறந்தாள். கொடியில், பாசித்தின் சட்டைக்கும் ஒரு துண்டுக்கும் நடுவே, ஸ்பாஞ்சுகள் கிளிப் மாட்டித் தொங்கின. புதுச் சோப்பின் வாசனை வந்தது. பழனியில் கறுப்பாக இருந்தவை இப்போது வெளுத்திருந்தன.

"கார் முழுக்க ஒரே வாடை. புது வீட்டுக்கு அந்த அழுக்கயா கொண்டாறது? மூணு தடவ சோப்புத் தண்ணியில கழுவுனேன். பிளீச்சிங் பவுடரும் கொஞ்சம் போட்டேன். இப்பப் பாரு."

சமீஹா பார்த்தாள். 

"ஃபஹீம் சொல்லலையா மாமி?"

"என்ன சொல்லணும்? எறக்கி விட்டுட்டுக் கடையில சோலியிருக்குன்னு வெரசா ஓடிட்டான்."

"மாமி, அந்த அழுக்குத்தான்…" சமீஹா நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தச் சேத்துல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கும். மீனோட கழிவ அதுங்கதான் தின்னும். அது இல்லைன்னா கழிவே விஷமாயி, ரெண்டு மூணு நாள்ல ஒண்ணொண்ணா விழும். கல்லுல கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது பத்தாது."

நஜீமாவின் முகத்திலிருந்த பெருமை போய்விட்டது. ஆனால் அவள் சமீஹாவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தாள்.

அமானுல்லா கதவருகே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ.

அவர் கொடியைப் பார்த்தார். நஜீமாவைப் பார்த்தார். மறுபடியும் கொடியைப் பார்த்தார். கீழே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து கொடியின் ஒரு முனையை மறைத்தது.  பிரிக்காத அவருடைய பெட்டி இன்னும் முன்வாசலில்தான் இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமும் இருந்தது.

"அப்ப நான்தான் கொன்னுட்டேனா?" என்றாள் நஜீமா. குரல் சிறுத்துப் போயிருந்தது.

"இன்னும் ஒண்ணும் சாகல" என்றார் அமானுல்லா. "நான் காத்தக் கூட அடிக்கச் சொன்னேன். நீ சோப்பக் கூடப் போட்டுட்ட. வா உள்ள, குளுருது."

அவர் திரும்பினார். "ஏம்மா, உன் புருசன்கிட்டக் கேளு…" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். தொட்டியின் மறுபக்கம் குவளையோடு நின்ற மகனைப் பார்த்தார். தண்ணீர் வழியாகப் பார்த்ததாலோ என்னவோ, பார்ப்பது எளிதாக இருந்தது.

"பாசித்."

குவளை அவன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"பழைய தொட்டி வச்சிருக்கவுங்க இந்த ஊர்ல யாரும் இருக்காங்களா? அவுங்க ஃபில்டர்லருந்து ஒரு துண்டு அழுக்கு ஸ்பாஞ்சு கிடைச்சாப் போதும். நம்ம மீனு தப்பிச்சுக்கும்."

பாசித் குனிந்து குவளையை எடுத்தான். "இருக்காங்கத்தா." அந்த அத்தாவில் அவன் குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டு சொன்னான், "ஒரே ஒரு வீட்லதான். தாரணி டீச்சர் வீட்ல. அவுங்க வீட்டுக்காரரு ரொம்ப வருசமா வச்சிருக்காரு."

"சமீஹா ஸ்கூலு டீச்சரா? அப்பறம் என்ன? ஒரு போனப் போடும்மா."

சமீஹாவின் முகம் சூடானது.

தாரணிக்கும் அவளுக்கும் ஸ்டாஃப் ரூமில் அடுத்தடுத்த நாற்காலி. மாமனார் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் சமீஹா சீக்கிரம் கிளம்பிப் போவதை யாரோ தலைமையாசிரியையிடம் போட்டுக் கொடுத்தார்கள். தாரணிதான் என்று அவளுக்கு நிச்சயம். கேட்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். விடைத்தாள் கட்டு கைமாற வேண்டுமென்றால்கூட நடுவில் பியூன் வள்ளியக்கா வர வேண்டும்.

"நீங்க பண்ணுங்களேன்" என்றாள் பாசித்திடம். "தாரணிகிட்ட நீங்க சொல்லுங்க, எங்களுக்கு இப்படி…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கேட்டுவிட்டது. அவளுடைய குரல்தான். ஆனால் அமானுல்லாவின் வாக்கியம்.

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். பாசித்தின் உதட்டோரம் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு லேசாக அசைந்தது. அவன் சார்ஜரிலிருந்து அவளுடைய போனைக் கழற்றி எடுத்து வந்து நீட்டினான்.

எண் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. சமீஹா அதை அழுத்தினாள். மணி அடித்தது. நஜீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மணி நின்றது. எடுத்துவிட்டார்கள்.

"தாரணி, நான் சமீஹா பேசுறேன்."

மறுமுனையில் குக்கர் ஒரு விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள். நாற்காலி ஒன்றை இழுக்கும் சத்தம் வந்தது.

போன் வைக்கப்படவில்லை.